மரியராஜ் கேட்கும் கேள்வி

பந்தல்குடி ரோட்டில் பட்டறை வைத்திருந்த மரியராஜைப் போல ஒரு பயந்த மனிதரை எங்கள் பக்கம் பார்க்க முடியாது. செய்த தொழிலோ கத்தி. கழித்துப்போட்ட லாரி வில்பட்டையை உலையில் காய்ச்சி அடித்து அரிவாளும் வெட்டுகத்தியும் செய்வார். செய்து முடித்ததும் பயம் பிடித்துக்கொள்ளும். இது யார் கையில் சேருமோ, சேர்ந்து என்ன செய்யுமோ. கத்தி விற்ற நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

வாங்க வருகிறவரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்பார். “என்ன வேலைக்கு?” கருவேலம் வெட்ட ஒரு மாதிரி, கறிக்கடைக்கு ஒரு மாதிரி அடிக்க வேண்டும் என்பது வெளியே சொல்கிற காரணம். பதில் சொல்கிறவரின் முகத்தைப் பார்ப்பதுதான் உண்மையான காரணம். முகம் பிடிக்கவில்லை என்றால் பட்டை தீர்ந்துபோனது என்று அனுப்பிவிடுவார். பிடித்துப்போனாலும் கத்தியைக் கையில் கொடுக்க மாட்டார். தரையில் வைப்பார், வந்தவர் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கையிலிருந்து கைக்குக் கத்தி போனால் இருவருக்கும் பகை வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மரியராஜ் அதைப் பட்டறைக்கும் சட்டமாக்கியிருந்தார். சர்ச் தோட்டத்துக்கு அரிவாள் வாங்க வந்த பங்குச்சாமியாரையும் அவர் குனியத்தான் வைத்தார்.

அவரும் திருச்சுழிப் பக்கத்துக் கோட்டைச்சாமியும் சேர்ந்துதான் எண்பதுகளின் கடைசியில் அந்தச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். கோட்டைச்சாமிக்குக் காடு கரை நிறைய உண்டு. கத்தி சேர்க்கிற கிறுக்கும் உண்டு. பாளை சீவுகிற கத்தி, பாக்குவெட்டி, சவரக்கத்தி என்று வீட்டுச் சுவர் முழுக்க மாட்டி, காலண்டர் மாட்ட இடமில்லாமல் செய்திருந்தார். கத்தி செய்வோர் சேகரிப்போர் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். மாதம் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்த பிறகு, மரியராஜ் பட்டறையில் கூட்டம்.

பழைய கத்திகளைக் காக்க வேண்டும், நல்ல கத்தி செய்கிறவனுக்குப் பேர் கிடைக்க வேண்டும். கோட்டைச்சாமி நினைத்த நோக்கம் அவ்வளவுதான். மரியராஜ் விடவில்லை. ஒவ்வொரு கத்தியிலும் செய்தவர் தன் அடையாளத்தைக் குத்த வேண்டும் என்றார். அவருடையது பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மீன். என்ன வேலைக்கு என்று கேட்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றார். பகைக்காகவோ பயத்துக்காகவோ எந்த உறுப்பினரும் கத்தியை உடம்பில் செருகிக்கொண்டு நடக்கக் கூடாது. கத்தி காணாமல் போனால் செய்தவரே அன்றைக்கே போலீஸில் சொல்ல வேண்டும். எழுதி முடித்துப் பார்த்தால், சங்கத்தின் நோக்கங்களில் பாதிக்கு மேல் மரியராஜின் பயங்கள். அவற்றைக் கூட்டந்தோறும் எல்லாரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்பதும் அவர் ஏற்பாடுதான்.

“கூட்டத்துக்கு வந்தோமா, சாமியார்ட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ண வந்தோமான்னு வெளங்கல” என்பார் அருப்புக்கோட்டையில் சாணை பிடிக்கிற சுப்புராஜ். சொல்லிவிட்டு அவரும் எழுந்து நிற்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் தெற்கே சாதிக் கலவரத்தில் ஊர்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அந்தச் சூடு எங்கள் பக்கமும் வந்தது. பஸ்ஸை நிறுத்திப் போலீஸ் பைகளைத் துழாவியது. பொழுது சாயும் முன்பே கடைகளைச் சாத்தினார்கள். இந்த நேரம் பார்த்துத்தான் கோட்டைச்சாமி தன் சேகரிப்புக்கு ஒரு பிச்சுவா கேட்டார். வேலை எதற்கும் ஆகாத கத்தி. இடுப்பில் செருகவும் குத்தவும் மட்டுமே ஆனது. மரியராஜ் மாட்டேன் என்றார். “சுவத்துல தொங்கப்போற கத்திய்யா” என்று கோட்டைச்சாமி கெஞ்சியதும் மனம் இளகிச் செய்துவிட்டார். அவர் செய்ததிலேயே அழகான கத்தி அது. மீனையும் குத்தி, பட்டறைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமை காலையில் பெட்டி திறந்து கிடந்தது. கத்தி இல்லை.

 மரியராஜ் பட்டறையைத் தலைகீழாகப் புரட்டினார். சாம்பலைக்கூடக் கிண்டினார். எங்கோ ஒரு ரோட்டில் எவனோ விழுந்து கிடப்பதும், அவன் பக்கத்தில் தன் மீன் கிடப்பதும் கண்முன் வந்துகொண்டே இருந்தன. தகவல் கேட்டு பஸ் பிடித்து வந்த கோட்டைச்சாமி வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

“போலீசுக்குப் போனீன்னா சங்கத்தையே சுருட்டிட்டுப் போயிருவான். நாம சேத்தது, செஞ்சது அம்புட்டையும் அள்ளிருவான். பேசாம இரு.”

“அப்ப நாம நின்னுக்கிட்டுச் சொன்னது, அண்ணாச்சி?”

கோட்டைச்சாமி வேட்டியை இறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மரியராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். ஸ்டேஷனை நினைத்தால் பயமாக இருந்தது. போகாமல் இருப்பதை நினைத்தால் இன்னும் பயமாக இருந்தது. பின்னாலேயே மனைவி ராஜாத்தி ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

“போகாதீக. கத்தி எங்கிட்டத்தான் இருக்கு.”

அவள் வலது கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது. அவர் விலக்கிப் பார்த்தார். உள்ளங்கையில் துணிச்சுற்று, அதில் ரத்தம்.

“நம்ம பய ராபின்தான் எடுத்தான். வெள்ளன இடுப்புல செருகிக்கிட்டுத் தறிக்குக் கெளம்பினான். பிடுங்கிட்டேன்.” அவள் கையை மறுபடி தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். “கையிலருந்து கையில பிடுங்கிட்டேங்க. எனக்கும் எம்புள்ளைக்கும் என்ன ஆகப்போகுதோ.”

தன் உள்ளங்கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்த பஸ் நின்று, போனது.

மகன் ராபின் அருப்புக்கோட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவன். மீசை முளைத்து, கல்யாணப் பேச்சும் நடக்கிற வயசு. அன்று வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மரியராஜ் பிச்சுவாவை அவன் முன்னால் தரையில் வைத்தார். ஊரில் அத்தனை பேரிடமும் கேட்ட கேள்வியை மகனிடம் அன்றுதான் கேட்டார்.

“என்ன வேலைக்கு எடுத்த?”

சுவரைப் பார்த்தபடியே அவன் சொன்னான். “பஸ்ஸுல போகப் பயமா இருக்குப்பா. கூட வேலை பாக்குறவன் எல்லாம் இடுப்புல வச்சிருக்கான். ஒண்ணு இருந்தாப் பயம் தெளியும்னு நெனச்சேன்.”

“தெளிஞ்சுச்சா?”

“இல்லப்பா. கூடிப்போச்சு.”

அடிக்க ஓங்கியிருந்த கை தானாக இறங்கியது. முகம்தான் ராஜாத்தியைப் போல. உள்ளே இருந்தது அப்படியே தன் பயம். அதை அவன் தன்னிடம்தானே கற்றிருப்பான் என்று மரியராஜுக்குத் தோன்றியது.

மறுநாள் ஞாயிறு, கூட்டம். இரவெல்லாம் அவர் தனக்குள் சண்டை போட்டிருந்தார். சொன்னால் மகன் பேர் கெடும். போலீஸ் காதுக்குப் போனால் பிள்ளையை இழுத்துப் போவார்கள். வருகிற சம்பந்தமும் முறியும். சொல்லாவிட்டால் இனிமேல் எழுந்து நின்று எதைச் சொல்வது?

எல்லாரும் எழுந்து நின்றார்கள். மரியராஜ் நோக்கங்களை ஆரம்பிக்கவில்லை. பிச்சுவாவை எடுத்து நடுவில் தரையில் வைத்தார்.

“காணாமப் போன கத்தி இதுதான். எடுத்தது வேத்தாள் இல்ல, எம்மகன் ராபின். பயத்துல எடுத்திருக்கான். அவுக அம்மா கையக் கிழிச்சுக்கிட்டு வாங்கி வச்சா. போலீசுல சொல்லணும்னு நீங்க சொன்னா நானே கூட்டிட்டுப் போறேன்.”

 ஏசுவார்கள் என்று காத்திருந்தார்.  கோட்டைச்சாமியின் முகத்தைப் பார்த்தார். அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோட்டைச்சாமி மெல்ல வேட்டி மடிப்புக்குள் கைவிட்டார். எடுத்ததைப் பிச்சுவாவுக்குப் பக்கத்தில் குனிந்து வைத்தார். மடக்குக்கத்தி.

“திருச்சுழியிலருந்து தனியா வரணும்ல, மரியராசு. போன மாசத்துலருந்தே வச்சிருக்கேன்” என்றார்.

அடுத்து சுப்புராஜ் குனிந்தார். அதற்கடுத்தவர் துண்டுக்குள்ளிருந்து எடுத்தார். ஒருவர் சட்டையைத் தூக்கி முதுகுப் பக்கமிருந்து உருவினார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பட்டறைத் தரையில் கத்திகள் சேர்ந்துகொண்டே வந்தன. பாதிக்கு மேல் மீன் குத்தியவை; தேங்காய் உரிக்க, வாழைத்தார் வெட்ட என்று கேட்டு வாங்கியவை.

அன்றைக்கு நோக்கங்களை யாரும் சொல்லவில்லை. வழக்கப்படி, தரையில் வைத்ததை யாராவது குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மத்தியானம்வரை நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவரும் குனியவில்லை.