கோப்பை கழுவுமிடத்துத் தலைவர்

நான் ஒரு நாட்டை உடைத்தவன்.

பயந்துவிடாதீர்கள். உலகப்படத்தை எடுத்துத் தேடவும் வேண்டாம். துன் நகரில், ஏரிக்கரையில் நிற்கும் ஒரு ஹோட்டலின் குசினிக்குப் பின்னால், கோப்பை கழுவுகிற அறைதான் அந்த நாடு. குடிமக்கள் மூன்று பேர். மொத்தச் சனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு நான்!

படிப்பு? எட்டாம் வகுப்பு. ஏழாம் வகுப்பை மட்டும் இரண்டு தரம் படித்தேன், அவ்வளவு பிடித்துப்போயிற்று. ஆனால் வாய் இருக்கிறதே... அதற்குப் பட்டமே கொடுக்கலாம். அரசியல்வாதிகள் பேசுவதுபோலப் பேசிக் காட்டுவேன். எங்கள் பக்கத்துத் தலைவர், அவர்கள் பக்கத்துத் தலைவர், எல்லோரும் என் தொண்டைக்குள் வாடகைக்கு இருந்தார்கள். தோளில் ஒரு துவாயைப் போட்டுச் செருமினால் போதும், சனம் சிரிக்கத் தொடங்கிவிடும்.

சூரிச் லாங்ஸ்ட்ராசப் பக்கம் ஒரு தமிழ்க் கடை. மரக்கறி வாங்கப் போகும் சாட்டில் அங்கே நின்று கதைப்போம். எங்கள் நாடு ஏன் இப்படி இரண்டுபட்டது, யார் பொறுப்பு என்று எப்போதும் ஒரு வழக்கு நடக்கும். வாழைக்காய்ப் பெட்டியில் குந்தியிருந்து தீர்ப்புச் சொல்வது நான்தான்.

"தலைவர்கள்தான்! ரெண்டு பக்கத்துத் தலைவர்களும்தான்! சனத்துக்கு என்ன தெரியும்? சனம் பாவம்!"

கை தட்டுவார்கள். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில் என்ன சுகம் தெரியுமா? நான் தலைவன் இல்லையே... அப்படியானால் என்னில் பிழை இல்லையே!

இனி என் நாட்டுக்கு வருகிறேன்.

மற்ற இரண்டு குடிமக்கள் ட்ராகானும் எமிரும். ஒருகாலத்தில் இருவருக்கும் ஒரே நாடு, யூகோஸ்லாவியா. அது உடைந்தபோது ட்ராகான் சேர்பியனாக ஒரு பக்கம் விழுந்தான், எமிர் பொஸ்னிய முஸ்லிமாக மற்றப் பக்கம் விழுந்தான். எமிரின் அண்ணன் அந்தச் சண்டையில் செத்தவன். இங்கே வந்து இருவரும் ஒரே தொட்டியில் கை நனைத்தார்கள்.

இதில் எனக்குப் பெரிய அதிசயம், இருவரும் பேசியது கிட்டத்தட்ட ஒரே பாஷை! பாஷைக்காக அடிபட்ட ஊரிலிருந்து வந்தவன் நான். பாஷை ஒன்றாக இருந்தாலும் அடிபடலாம் என்பதை ஏழாம் வகுப்பில் எனக்கு இரண்டு தரமும் சொல்லித்தரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு ரொட்டியை இருவரும் பிய்த்துத் தின்பார்கள். சண்டையைப் பற்றி மட்டும் ஒரு சொல் வராது. அது அவர்களுடைய எழுதாத சட்டம். இடையில் நான் துவாயும் தோளுமாக... எங்கள் மூன்று பேரின் நொண்டி ஜெர்மனில் அந்த அறை சிரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஆள் வேலையை விட்டுப் போனார். செஃப் மலைப்பக்கத்து மனிதர். அவருடைய ஊரில் சனம் சதுக்கத்தில் கூடிக் கை தூக்கித்தான் வாக்குப் போடுமாம்.

"நீங்களே ஒருத்தனைத் தெரிவு செய்யுங்கோ. வெள்ளிக்கிழமை கை தூக்கிச் சொல்லுங்கோ" என்றார்.

பதவி என்ன பெரிய பதவி? சவர்க்காரத் தூள் அலுமாரியின் சாவி. ஞாயிற்றுக்கிழமை லீவு. சட்டையில் பெயர் எழுதிய ஒரு சிறு தகடு. அவ்வளவுதான்! ஆனால் என் வாழ்க்கையில் என்னை ஒருவரும் எதற்கும் தலைவன் ஆக்கியதில்லையே... ஆசை வந்துவிட்டது.

கணக்கு எனக்குத் தெரிந்த மட்டில் லேசானது. எமிர் ட்ராகானுக்குக் கை தூக்குவான். அவர்கள் ஒன்றாக நிற்கும்வரை நான் வெறும் கோமாளி.

ட்ராகானின் அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு மங்கிய படம் ஒட்டியிருந்தது. பட்டாளத் தொப்பியோடு ஒரு மனிதர். யார் என்று எனக்குத் தெரியும். ட்ராகானே சொல்லியிருந்தான். "என்ர அப்பா. நாடு ஒண்டா இருந்த காலத்தில பட்டாளத்துச் சமையல்காரன். அந்தாள் வெட்டினது உருளைக்கிழங்கை மட்டும்தான்."

வியாழக்கிழமை, எமிரோடு குப்பை கொண்டுபோகும்போது கேட்டேன்.

"ட்ராகான்ர அலுமாரியில ஒரு படம் இருக்கு, பாத்தனியோ?"

"இல்லை. என்ன படம்?"

"பட்டாளத் தொப்பியோட ஒரு ஆள். அது எந்தப் பட்டாளத்தின்ர தொப்பி? உனக்குத்தானே உதுகள் தெரியும்."

பார்த்தீர்களா? ஒரு பொய்யும் சொல்லவில்லை! கேள்விதான் கேட்டேன். தலைவர்கள் மேடையில் பெரிய பொய்யாகச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன்... தேவையே இல்லை. ஒரு கேள்வி போதும். மிச்சத்தை எமிரின் செத்த அண்ணன் செய்துகொண்டான்.

அவன் போய் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. ட்ராகானிடம் கேட்கவுமில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்திருப்பான். அன்று மத்தியானம் ரொட்டியைப் பிய்க்காமல் தள்ளி இருந்து சாப்பிட்டான். ட்ராகான் ரொட்டியை நீட்டினான். எமிர் தலையை ஆட்டினான். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை செஃப் எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தினார்.

"சிவாவுக்கு ஆர்?"

நான் தூக்கினேன். என் பெயருக்கு, வெட்கம் இல்லாமல் முதலில் தூக்கியது என் கைதான். நிலத்தைப் பார்த்தபடி எமிரும் தூக்கினான்.

"எமிருக்கு?"

ட்ராகானின் கை எழுந்தது. றப்பர் கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ட்ராகானுக்கு?"

ஒருவரும் இல்லை... ட்ராகான்கூட இல்லை!

வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்தில் எமிர் என்னைப் பிடித்துக்கொண்டான். "சிவா, அவன் ஏன் எனக்குக் கை தூக்கினவன்?"

உண்மையைச் சொல்லக் கதவு திறந்துதான் கிடந்தது. 'அது அவன்ர அப்பாடா, விசரா!' நாலே சொல். என் நெஞ்சில் புதுத் தகடு மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஆருக்குத் தெரியும்? மனச்சாட்சி குத்தியிருக்கும்."

இந்த முறை அது கேள்விகூட இல்லை.

சில மாதங்களில் எமிர் ஊஸ்டருக்குப் போய்விட்டான். அங்கே மகளின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை. நான் ஆண்டேன். ஒரேயொரு பிரஜையை வைத்துக்கொண்டு ஆண்டேன். ட்ராகான் பேசுவதை நிறுத்தியிருந்தான். நான் துவாயைத் தோளில் போட்டால் மரியாதைக்குச் சிரிப்பான். அதைவிட எனக்கு அடித்திருக்கலாம்.

பென்சன் எடுத்துப் போகிற நாளில், ட்ராகான் அந்தப் படத்தைக் கிழியாமல் உரித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"எமிரைக் கண்டால் சொல்லு. ஊரில என்ர வளவில பிளம்ஸ் மரம் நிக்குது. பழுக்கிற நேரம் வரச்சொல்லு. நான் அவனுக்கு என்ன பிழை விட்டனான் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

நான் கோப்பை கழுவும் மெஷினைத் துடைத்தேன். சுத்தமாக இருந்த மெஷினை.

போன மாதம் ஊஸ்டருக்குப் போனேன். சொல்வதற்கென்றே போனேன், நம்புங்கள்! ரயிலில் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எமிர் கோப்பி போட்டுத் தந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ட்ராகான் எப்பிடி இருக்கிறான்?"

"பென்சன் எடுத்து ஊருக்குப் போயிட்டான்."

கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தான். சீனி போடவேயில்லை.

"அந்தப் படத்தையும் கொண்டு போயிட்டானோ?"

"ஓம்... கொண்டு போயிட்டான்."

உண்மை! சுத்தமான உண்மை! எமிர் தலையை ஆட்டினான். பிறகு என்னைப் பார்த்து, "உன்ர தலைவரைப் பேசிக் காட்டடா. எவ்வளவு காலம் சிரிச்சு" என்றான். நான் பேசிக் காட்டினேன். கண்ணில் தண்ணி வரச் சிரித்தான். பிளம்ஸ் மரம் என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

நீங்கள் கேட்கலாம்: நம்பியவன் எமிர்தானே, பாதிப் பிழை அவனுக்கும் இல்லையா என்று. நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போது தொண்டை தானாகச் செருமியது... சனம் கேட்டது, நாங்கள் கொடுத்தோம் என்று தலைவர்கள் சொல்கிற அதே குரல்!

திரும்பும் வழியில் லாங்ஸ்ட்ராசக் கடைக்குப் போனேன். அங்கே அதே வழக்கு. எனக்காக வாழைக்காய்ப் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார்கள்.

"வாங்கோ சிவா அண்ணை! நீங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கோ. ஆர் பொறுப்பு?"

என் கை தானாக மேலே போனது. தோள் வரைக்கும் போனது.

எல்லோரும் பார்த்தார்கள்.

அந்தக் கையைக் கொண்டுபோய்த் தலையைச் சொறிந்தேன்.

கடை முழுக்கச் சிரித்தது.