ஸ்டோர் அக்கா தூக்கிய கை

பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படித்த இரண்டு வருடமும் எங்களுக்கு வகுப்பறை என்றால் திரையில் முப்பது கறுப்புக் கட்டங்கள்தான். அதில் ஒரு கட்டம் ஸ்டோர் அக்கா. ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் வேலை. டியூட்டி முடிந்ததும் அங்கேயே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு, போனில் வகுப்புக்கு வந்துவிடுவார். சிக்னல் இழுக்கும் என்று கேமராவை அணைத்தே வைத்திருப்பார். ஆசிரியர் வரும்வரை ஐந்து நிமிடம் எங்களை வம்புக்கு இழுப்பார்: "என்ன, எல்லாரும் சாப்பிட்டீங்களா, இல்ல படிச்சே வயிறு நிறைஞ்சிருச்சா?" அந்த ஐந்து நிமிடத்துக்கு இன்றைக்கும் ஏங்குகிறேன். ஆசிரியர் வந்துவிட்டால் அக்கா கப்சிப். கை தூக்காமல் பேசினால் அந்த மனிதர் எரிந்து விழுவார்.

கடைசிப் பருவத்தில் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. வகுப்பில் ஒருமுறைகூடக் கேள்வி கேட்காததால் தேர்வு எழுத அனுமதி இல்லையாம். எனக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினார்.

"அநியாயம் தம்பி! ரெண்டு வருஷமா கை தூக்கித் தூக்கித் தோள்பட்டையே போச்சு. ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டாரா?"

"எந்தக் கையைக்கா தூக்கினீங்க?"

"இதென்ன கேள்வி? சோத்துக்கையத்தான்!"

திரையில் கை படம் போட்ட பொத்தான் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. விழுந்து விழுந்து சிரித்தேன். மறுமுனையில் அழுகை கேட்டது.

"பதினெட்டு வருஷமா பெட்டி தூக்குறேன் தம்பி. இது முடிஞ்சாத்தான் கிடங்குக்குப் பொறுப்பாளர் ஆக முடியும்."

சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் வகுப்பில் நானே விஷயத்தைப் போட்டு உடைத்தேன். "கை தூக்கினதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் ஆசிரியர். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அக்கா கோபப்படவில்லை. தன்னைக் கூப்பிடாத ஒவ்வொரு நாளும், கேட்க நினைத்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்திருக்கிறார். எடுத்து வாசித்தார். நான்காவது கேள்வி இது:

"பாட்டில்ல போட்டிருக்கிற தேதிவரைக்கும் எந்த மருந்தையும் வச்சுக்கலாம்னு சொன்னீங்க சார். மூடியத் திறந்துட்டா அந்தத் தேதி செல்லாதே?"

"தப்பு என்னோடதும்மா" என்றார் ஆசிரியர். "நீங்க பரீட்சை எழுதலாம், நான் பேசிக்கிறேன். மிச்சத்தையும் வாசிங்க."

அன்று வகுப்பு முடிய வெகு நேரம் ஆனது. ஒவ்வொரு கேள்விக்கும் நாங்கள் புதிதாகக் குறிப்பு எழுதினோம். வகுப்பில் நன்றாகப் பேசுகிறவன் என்று முழு மதிப்பெண் வாங்கியிருந்தவன் நான். அந்த மருந்துப் பாடம் நடந்த அன்றைக்கும் பேசினேன். "ரொம்பத் தெளிவா இருந்துச்சு சார்" என்றேன்.