தும்பிக்கை பிய்ந்த யானை

எனக்கு வாயைவிடக் கை வேகம். திட்டித் தீர்த்துவிட்டு அடிப்பவர்கள் உண்டு. நான் அடித்து முடித்த பிறகுதான் எதற்கென்று சொல்லவே ஆரம்பிப்பேன். எங்கள் நைனாவிடமிருந்து வந்த சொத்து இது. அவர் சைக்கிள் டியூபால் விளாசுவார். நானும் தங்கச்சியும் சரிபாதியாக வாங்கினோம். அவள் வாங்கியதை அங்கேயே விட்டுவிட்டுக் கல்யாணமாகி அவலூர்பேட்டைக்குப் போய்விட்டாள். நான் என் பங்கைப் பத்திரமாக வைத்திருந்து என் பெண்ணுக்குக் கொடுத்தேன்.

செஞ்சியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. மோட்டார் வைத்த மெஷின், ஒரு மேஜை, ஒரு பெரிய கத்தரிக்கோல். வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. மாதத்தில் இரண்டு முறை வருவார். மற்ற நாளெல்லாம் நானும் பெண்ணும்தான். அவளுக்கு ஒன்பது வயது. முழுப்பரீட்சை லீவில் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, ஃபெல்ட் துணியில் யானை செய்யவேண்டும் என்று ஒரு வாரமாக உயிரை எடுத்தாள். ஃபெல்ட் என்றால் கம்பளி மாதிரி தடிமனாக, நூலிழையே தெரியாத துணி. அதை வெட்டி, கையால் தைத்து, உள்ளே பஞ்சு அடைக்க வேண்டும். எனக்கோ கல்யாண சீசன். "போடி அந்தாண்ட" என்று துரத்திக்கொண்டே இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை கடைத்தெருவுக்குப் போய் நூல்கண்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். மேஜைமேல் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட் துணி விரிந்து கிடந்தது. நட்ட நடுவில் யானை வடிவத்தில் ஓட்டை. வெட்டி எடுத்த யானையைத் தூக்கிக் காட்டி அவள் சிரித்தாள்.

ஸ்டீல் ஸ்கேலை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. முதுகில், தொடையில், தடுக்க வந்த கையில் என்று அடித்தேன். அவள் மேஜைக்கு அடியில் புகுந்தாள். காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். ஸ்கேல் வளைந்துபோனதும் அதை எறிந்துவிட்டு வெறுங்கையால் காதோடு சேர்த்து அறைந்தேன். அவள் அழுகை சட்டென்று நின்றது. காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் இறங்கிக் கழுத்துக்கு வந்தது. அப்போதும் என் கை அடுத்த அடிக்கு ஓங்கியபடிதான் இருந்தது. அதைப் பார்த்து நானேதான் இறக்கினேன்.

ஆஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். எப்படி ஆயிற்று என்று என்னைக் கேட்காமல் அவளைக் கேட்டார். "மாடிப்படில விழுந்துட்டேன்" என்றாள். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அதைச் சொன்னாள். நைனாவுக்காக நானும் இப்படி எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்காரர் போனில், "கொழந்தைன்னா ரெண்டு அடி விழத்தான் செய்யும், நீ டென்ஷன் ஆவாத" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். தங்கச்சி அதெல்லாம் சொல்லவில்லை. மறுநாளே பஸ் பிடித்து வந்தாள், பெண்ணின் துணிமணிகளைப் பையில் திணித்தாள்.

"பள்ளிக்கூடம் தொறக்கற வரைக்கும் என்னாண்ட இருக்கட்டும்க்கா. உன் கை அடங்கிச்சின்னா வந்து கூட்டிக்கினு போ. இல்லன்னா எங்கூரு பள்ளிக்கூடத்துலயே சேத்துடறேன்."

"என் பொண்ண சேக்கறதுக்கு நீ யாருடி?" என்று எழுந்தேன்.

"அடி," என்றாள். "என்னையும் அடி. நைனாகிட்ட வாங்கனதுதான, எனக்குப் பழக்கம்தான்."

நான் உட்கார்ந்துவிட்டேன். பெண் செருப்பை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் இறங்கிப் போனாள்.

அந்த யானையைச் செய்து எடுத்துக்கொண்டு போனால் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஃபேன்சி ஸ்டோரில் சாம்பல், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஃபெல்ட் வாங்கினேன். இத்தனை வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற திமிர் வேறு. லைனிங் துணியைத் தைக்கும் முன் தண்ணீரில் நனைத்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சுருங்கும்; தையல்காரிக்கு முதல் பாடம் அது. அந்தப் பழக்கத்தில் மூன்றையும் ஒரே பக்கெட்டில் ஊறப்போட்டு, மதியம் எடுத்து முறுக்கிப் பிழிந்தேன். சிவப்புச் சாயம் இறங்கி மற்ற இரண்டும் ரத்தக்களறியாக இருந்தன. பிழிந்த இடமெல்லாம் கோணலாக இழுபட்டுப் பிசிறடித்திருந்தது. பக்கெட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அது இரண்டாகப் பிளந்தது, பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துக் காது கொடுத்தார்கள்.

"இத போயி யாராவது நனைப்பாங்களா? இன்னாம்மா நீ" என்று சிரித்தபடி கடைக்காரம்மா புதுசு எடுத்துக் கொடுத்தார்.

ஃபெல்ட்டை வெட்டினால் ஓரம் பிரியாது. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, விளிம்பில், பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற மாதிரி கையால் தைத்துக்கொண்டு போனால் போதும். கைத்தையல் எனக்கு ஆகாத வேலை. ஹெம்மிங்கையும் கொக்கியையும்கூட வெளியேதான் கொடுப்பேன். ஒவ்வொரு தையலுக்கும் நூலைச் சுண்டி இழுத்தேன், ஃபெல்ட் வாய் பிளந்தது. முதல் யானை கழுத்தோடு போயிற்று. இரண்டாவதை நானே கத்தரிக்கோலால் குத்திக் கிழித்தேன். மூன்றாவதில் ஊசி நகக்கண்ணில் ஏறியது. அந்த ஆத்திரத்தில் நாலாவதற்கு வெட்டி வைத்த துண்டுகளையும் அடுப்பில் போட்டேன், வீடு முழுக்கப் புகை நாறியது. ஊசி வேலை செய்தால் பொறுமை வரும் என்கிறார்கள். எனக்கு வரவில்லை. குத்துவதற்கு ஒரு பொருள் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் குத்திக் குத்திக் கை ஓய்ந்த பிறகு போட்ட தையல் மட்டும் கிழியவில்லை என்பதைக் கவனித்தேன். அப்புறம் கை ஓய்ந்த நேரமாகப் பார்த்துத் தைத்தேன். ஆறாவது யானை நாலு காலில் நின்றது.

வாலை மட்டும் தைக்காமல் விட்டேன், அதை அவள் தைக்கட்டும் என்று. ஊசியையும் நூலையும் சேர்த்துப் பையில் வைத்தேன். எங்கள் பக்கம் ஊசியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். கீழே வைத்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் சண்டை வருமாம். எங்கள் வீட்டுச் சண்டைகளுக்கு ஊசி தேவைப்பட்டதே இல்லை.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருந்தது. அமாவாசை என்பதை மறந்து கிளம்பிவிட்டேன். அவலூர்பேட்டைக்கு நான் பிடித்த பஸ் மேல்மலையனூர் வழியாகப் போவது. அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் படியிலேயே தொங்கியது. ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு சீட் பிடித்தேன். இடித்துப் பிடித்து உள்ளே போனால், பையைத் தரையில் தள்ளிவிட்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். பத்துப் பேர் அதை மிதித்துப் போயிருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். யானையின் தும்பிக்கை பிய்ந்து தொங்கியது. பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"பொம்மைக்கா இந்த அலப்பற?" என்றான் அவன்.

அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முன் சீட்டுக் கம்பியில் மோதினேன். மூக்கு உடைந்தது. அவன் எழுந்து என் வாயில் ஒரு குத்து விட்டான், உதடு கிழிந்தது. அந்தக் கையைப் பிடித்துக் கடித்தேன். கடித்தவள் விடவில்லை. பஸ் நின்றது. நாலு பெண்கள் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்கள். "அம்மா வந்துட்டா, வழி விடுங்க" என்று யாரோ சொன்னார்கள். அங்காளம்மன் என்மேல் இறங்கியிருக்கிறாள் என்று அவ்வளவு பேரும் நினைத்துவிட்டார்கள். ஒருத்தி நெற்றி நிறைய விபூதி பூசினாள், ஒருத்தி கையில் எலுமிச்சம்பழம் வைத்து அழுத்தினாள். அடிபட்டவனே மூக்கில் ரத்தத்தோடு கும்பிட்டு, "தெரியாம பண்ணிட்டேன் தாயி" என்றான். சீட்டையும் விட்டுக்கொடுத்தான். என் வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. என் பெண்ணை அடித்த அன்றைக்கும் வந்தது இதே சாமிதான். எனக்கு அழுகை வந்தது, அதையும் அருள் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

தங்கச்சி கதவைத் திறந்ததும் விபூதியையும் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாக்கா, கோயிலுக்குப் போனியா? சாமி கீமி வந்துச்சா?" என்றாள். ஆமாம் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவளுக்குப் பின்னாலிருந்து என் பெண் எட்டிப் பார்த்தாள். காதில் பஞ்சு வைத்திருந்தாள்.

"கீழ விழுந்துட்டியாம்மா?"

எனக்கு வசதியாக அவளே எடுத்துக் கொடுத்த பொய். ஒரு நிமிஷம் அதையே பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியது.

"இல்லடி. பஸ்ல ஒருத்தன அடிச்சேன். அவனும் அடிச்சிட்டான்."

அவள் சித்தியைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"நானும் விழலம்மா" என்றாள்.

"தெரியும். நான்தான் அடிச்சேன்."

வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். கேட்டால் என் முகத்தைப் பார்க்காமல் வருகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. தங்கச்சி பக்கம் திரும்பி, "இங்கியே சேத்துடு, கையெழுத்து நான் போடறேன்" என்றேன்.

யானையை எடுத்துத் தரையில் நிறுத்தினேன். அவள் தள்ளி உட்கார்ந்து, தொங்கிய தும்பிக்கையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"தெச்சிடலாம். ஊசி இருக்குதா?"

ஊசியில் நூலைக் கோத்து, யோசிக்காமல் அவளிடம் நீட்டினேன்.

"கீழ வையிம்மா."

தரையில் வைத்தேன். அவள் எடுக்கவில்லை. நான் கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்ளும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, பிறகுதான் எடுத்தாள்.