சாம்பிராணிப் புகையில் ஒரு கடற்போர்

கண்டியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மணிக்கணக்கில் பஸ்ஸில் குலுங்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில்தான் கடற்போர் நிபுணர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மஹய்யாவையில் எங்கள் வீட்டு முன்னறையில் கூடுவார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி. வயது இருபது. வாயாலேயே பீரங்கி சுடுவாள். நீச்சல் தெரியாது.

அவர்களை ஒன்றுசேர்த்தது ஒரு கடற்கொள்ளையர் படம். படம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். கடைசிச் சண்டைதான் படம், மற்றதெல்லாம் அதற்கு முன்னால் போடும் விளம்பரம் மாதிரி. கடலில் மூடுபனி. கொள்ளையர் கப்பலின் பெண் கப்டன் விளக்குகளை அணைத்துவிட்டு இரண்டு அரச கப்பல்களுக்கு நடுவே நழுவிப் போகிறாள். அவை இரண்டும் எதிரி என்று நினைத்து ஒன்றையொன்று சுட்டு மூழ்குகின்றன. இவ்வளவுதான் விஷயம். இதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பாய்மரம் எந்தப் பக்கம் சாய்கிறது, கப்டன் எந்த நொடியில் மூச்சை அடக்குகிறாள் என்று என் பிளேன்டீயைக் குடித்தபடி மாதக்கணக்கில் வியந்தார்கள். நான் ஒருநாள், சுடுவதற்கு முன் அந்தக் கப்பல்காரர்கள் “யார் அங்கே?” என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்றேன். சாவு வீட்டில் சிரித்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

இவர்களுக்குத் தலைவர் கலகெதரையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். என் வயதுதான் இருக்கும். பிள்ளைகளுக்கு அவர் ‘நானா’, அதாவது அண்ணன். கடையில் ஆணி கேட்டு வருபவர்களிடம்கூட அந்தச் சண்டையைப் பற்றிப் பேசுவாராம். படம் வெளிவந்த நாளைக் கொண்டாட, அந்தக் காட்சியை உண்மையான தண்ணீரில் நடத்த வேண்டும் என்று தீர்மானித்தவர் அவர்தான். தெல்தெனியப் பக்கம் நீர்த்தேக்கம் இருக்கும்போது கடல் எதற்கு என்று கேட்டாராம். கடையிலிருந்து பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கொடுத்தார். அவற்றின்மேல் பலகை அடுக்கி நைலோன் கயிற்றால் கட்டியதுதான் கொள்ளையர் கப்பல். அரச கடற்படைக்கு இரண்டு மீன்பிடிப் படகுகளை, படகுக்காரர்களோடு சேர்த்துப் பேசிவைத்தார்கள். கப்டன் என் மகள்.

மூடுபனிக்கு என்ன செய்வது என்று எல்லோரும் மண்டையைக் குழப்பியபோது, வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் போடும் சாம்பிராணி அக்கம்பக்கத்தையே இருமவைக்கும். ஆகவே சிரட்டைக் கரி நிரப்பிய மண்சட்டிகள் கப்பலில் ஏறின. பலகைமேல் நெருப்பு, பலகைக்கடியில் நைலோன் கயிறு. பாய்மரம் சாயும் கோணத்தை அளந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

சோற்றுப் பார்சல் கொண்டுவருகிறேன் என்று சொல்லி நானும் வேனில் ஏறிக்கொண்டேன். லைஃப் ஜாக்கெட் போட்டால்தான் தண்ணீரில் இறங்கலாம் என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

வறட்சிக் காலம். அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய தெல்தெனிய நகரத்தின் மிச்சங்கள் கரையோரம் தலைகாட்டியிருந்தன. சேறு காய்ந்து வெடித்த தரையில் நான் பார்சல்களுடன் உட்கார்ந்திருந்தேன். நானா வந்து ஆறுதல் சொன்னார்.

“பயப்பட வாணாம் டீச்சர். எல்லாம் செட் பண்ணி ஈக்கி.”

கப்பல் நகர்ந்தது. சட்டிகளில் சாம்பிராணி போட்டார்கள். புகை மூடுவதற்குச் சற்று முன்னால், என் மகள் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பதைக் கண்டேன். கப்டனின் கறுப்புக் கோட்டுக்கடியில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் போட்டோ கெட்டுவிடுமாம். கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை; கடற்படை வாயால் சுட்டுக்கொண்டிருந்தது.

புகை நன்றாகவே வந்தது. அதற்குள் படகோட்டிகளுக்கே வழி தெரியவில்லை. எதுவோ எதன்மீதோ இடித்தது, சட்டி உடைந்தது, யாரோ சிரித்தார்கள். கரி பலகை இடுக்கில் விழுந்து கயிற்றை உருக்கியிருக்க வேண்டும். புகைக்கு வெளியே பீப்பாய்கள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. பிறகு அந்த லைஃப் ஜாக்கெட், தனியாக.

என் பக்கத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். காட்சி படத்தைவிட நன்றாக வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். நான் கத்தினேன். தண்ணீருக்குள் நடந்தேன். என் சேலையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள். நானா செருப்போடு என்னைத் தாண்டி இறங்கி ஓடினார். அவருக்கும் நீச்சல் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

காற்று வந்து புகை விலகியது. நீர்ப்பரப்பின் நடுவில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். நீந்தவில்லை, மிதக்கவில்லை, மார்பளவு தண்ணீரில், வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவைத்த பிள்ளைபோல அசையாமல் நின்றாள். படகுக்காரர் ஒருவர் அவளைத் தூக்கிப் படகில் ஏற்றினார். அவள் நின்ற இடத்தைச் சுற்றிலும் ஆழம் என்று அவர் கரையில் வந்து சொன்னார். மற்றவர்கள் படகு விளிம்புகளைப் பிடித்துத் தொங்கியபடி வந்து சேர்ந்தார்கள். எல்லோருக்கும் பசி. பார்சல்கள் மிஞ்சவில்லை.

அடுத்த ஞாயிறு வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள். யாரோ போனில் எடுத்திருந்த வீடியோவை எங்கள் டீவியில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். படத்தின் மூடுபனியைவிட எங்கள் சாம்பிராணிக்குத்தான் மதிப்பெண் அதிகம். கயிறு அறுந்த நேரம் அபாரமாம். பின்னணியில் ஒரு பெண் குரல் கேட்கிறதே, அதுதான் காட்சியைத் தூக்கி நிறுத்துகிறது என்றான் ஒருவன். அந்தக் குரலின் சொந்தக்காரி அப்போது அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நானா மட்டும் கதிரையில் குனிந்து உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோப்பைத் தட்டோடு நான் குசினிக்குத் திரும்பியபோது, மகளும் எழுந்து அடுப்படிக்கே வந்தாள்.

“நான் எதுல நின்னேன்னு தெரியுமாம்மா?”

“செவுத்துல நின்னிருப்ப.”

“இல்ல, படிக்கட்டு. மொதல்ல கால் எட்டவே இல்ல. தண்ணி குடிச்சிட்டேன். அப்புறம் ஒரு படி தட்டுச்சு. அதுல ஏறினேன். அடுத்ததுல ஏறினேன். அதுக்கு மேல படி இல்ல, அப்படியே நின்னுட்டேன்.”

யாரோ ஒரு குடும்பம் மாடிக்கு ஏறி இறங்கிய படியாக இருக்கலாம். கடையின் படியாகவும் இருக்கலாம். அந்த ஊரை விட்டுப் போகும்போது அவர்கள் என்னென்ன திட்டினார்களோ தெரியாது. அவர்கள் படியை இடிக்காமல் போனதற்கு நான் யாரிடம் போய் நன்றி சொல்வது?

முன்னறையில் என் கத்தல் மறுபடியும் கேட்டது. ரிவைண்ட் பண்ணியிருந்தார்கள். மகள் போய் டீவியை அணைத்துவிட்டாள்.

“என்ன கப்டன், நல்ல எடத்துல நிப்பாட்டிட்டீங்க?” என்றது ஒரு குரல்.

“அது எங்கம்மா” என்றாள் அவள்.

திரும்பி வந்து, கண்டியில் நீச்சல் எங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். நீர்த்தேக்கத்திலிருந்து வந்த மறுநாளே நான் அதை விசாரித்து வைத்திருந்தேன். ஆனாலும் உடனே சொல்லவில்லை. முதலில் தட்டைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.