கல்வெட்டில் சேராத நாலு கட்டங்கள்

ஒஸ்லோவில் தமிழர் யாராவது இறந்தால், கல்வெட்டு எழுதித் தரும்படி ஒரு காலத்தில் என்னிடம்தான் வருவார்கள். கல்வெட்டு என்று நாங்கள் சொல்வது ஒரு சிறு புத்தகம். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், அவர்மேல் பாடிய வெண்பாக்கள் எல்லாவற்றையும் சேர்த்து அச்சடித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுப்போம். யாழ்ப்பாணத்தில் தமிழ் படிப்பித்த நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். கல்வெட்டு எழுதும்போது மட்டும் மறுபடி வாத்தியாராக இருந்தேன். என் மனைவியின் கல்வெட்டையும் நானே எழுதினேன். அதில் நான் செய்ததை எழுதிவைக்காமல் சாக எனக்கு விருப்பமில்லை.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதியில் அவளுக்குப் புற்றுநோய் என்றார்கள். ஒரே மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் எல்லிங்ஸ்ருட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போவாள். ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றில், மங்கா என்று அதைச் சொல்லுவாள், அவள் மூழ்கியிருந்த காலம் அது. எதிரிகள் சூழ்ந்த ஒரு நகரத்தின் நெடுங்கதை. பாகத்துக்குப் பாகம் நல்லவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலருகே இருந்து தாய்க்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டுவாள். மனைவிக்கு அதில் ஒரு கிழட்டுத் தளபதியைப் பிடித்துப்போயிற்று. அவனும் ஒரு பாலத்தில் வெட்டுப்பட்டு விழுந்தான்.

"காணும் பிள்ளை, மூடு. இதெல்லாம் நான் ஊரிலையே பார்த்திட்டன்," என்றாள்.

மகள் அடுத்த முறை நூலகத்திலிருந்து வேறொரு புத்தகம் கொண்டுவந்தாள். அதே நகரம், அதே ஆட்கள். ஆனால் எல்லோருக்கும் பெரிய தலை, கட்டைக் கால். பக்கத்தில் மேலிருந்து கீழாக நாலு கட்டங்கள். நாலாவதில் ஒரு பகிடி. அந்தப் பெருங்கதை பெயர் வாங்கிய பிறகு அதன் ஆட்களை வைத்து வேடிக்கைக்காக வரைந்த கிளைப் புத்தகமாம்.

"இவன் செத்தவனெல்லே?" என்று தளபதியைக் காட்டிக் கேட்டாள் மனைவி.

"இதிலை ஒருத்தரும் சாகமாட்டினம் அம்மா. இவருக்கு ஒரே ஒரு பிரச்சினைதான். இவரின்ரை சாப்பாட்டை ஆரோ களவெடுக்கினம்."

"ஆரடி?"

"இவரின்ரை குதிரை."

அவள் சிரித்த சிரிப்பில் ஊசி ஏற்றியிருந்த கை ஆடி, இயந்திரம் சத்தமிட்டு, தாதி ஓடி வந்தாள். அதன் பிறகு அது ஒரு விளையாட்டாயிற்று. மகள் நாலாவது கட்டத்தைக் கையால் மறைப்பாள். தாய் என்ன நடக்கும் என்று சொல்லுவாள். பல வேளை புத்தகத்தில் இருந்ததைவிட அவள் சொன்னது நன்றாக இருக்கும். நான் பக்கத்துக் கதிரையில் தேவாரப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் நாட்களை இவர்கள் இப்படி வீணாக்குகிறார்களே என்று கோபத்தோடு இருப்பேன்.

ஒரு நாள் மனைவி என்னைக் கண்ணால் காட்டி மகளிடம் சொன்னாள்: "என்னையும் இப்பிடிக் கீறு. கொப்பரையும் சேர். அவரில்லாமல் பகிடி வராது."

அன்று முதல் நான் அறைக்குள் வந்தால் தாள்களைக் கவிழ்த்துவிடுவார்கள்.

வசந்தத்துக்கு முன்பே அவள் போய்விட்டாள். நான் கல்வெட்டு எழுத உட்கார்ந்தேன். பொறுமைக்கு இலக்கணம், விருந்தோம்பலில் குறையாதவள், கணவன் சொல் தட்டாதவள் என்று கை தானாக எழுதிக்கொண்டு போயிற்று. பின்னால் நின்ற மகள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"இது ஆர் அப்பா?"

"அம்மாதான்."

"இல்லை. நீங்கள் எழுதுற எல்லாரும் ஒரே ஆள்."

பிறகு ஓர் உறையைத் தந்தாள். "இதுகளிலை ஒண்டை ஒரு பக்கத்திலை போடுங்கோ. அம்மா கேட்டவ. சனம் அழுதுகொண்டு மட்டும் வீட்டை போகக் கூடாதாம்."

அவள் தூங்கப் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் பெரிய தலையும் பெரிய மூக்குக்கண்ணாடியுமாக நான். மேலே இருந்த தாளின் முதற் கட்டத்தில் நான் யாருக்கோ வெண்பா எழுதுகிறேன். இரண்டாவதில் உரக்கப் பாடிக் காட்டுகிறேன். மூன்றாவதில் மனைவி, கையில் அகப்பையோடு, "இது போன மாசத்து ஆளின்ரையெல்லே?" என்கிறாள். நாலாவதில் மாலை போட்ட இரண்டு படங்களுக்குள்ளிருந்து இறந்தவர்கள் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்கிறார்கள்.

அது உண்மை. பெயரை மாற்றி ஒரே வெண்பாவைப் பல வீடுகளுக்குக் கொடுத்திருந்தேன். மனைவிக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

காலையில் மகளிடம், செத்த வீட்டில் சிரிப்பா, அம்மாவைத்தான் சனம் குறைவாக நினைக்கும் என்றேன். அவள் அழத் தொடங்கினாள். அழுகையை நிறுத்துவதற்காக, சரி, போடுகிறேன் என்றேன். அம்மாவைப் பற்றி நான் பட்ட கவலை பொய். மண்டபம் நிறைந்த சனம் என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்பதுதான் என் பயம்.

லில்லெஸ்ட்ரோமில் ஒரு தமிழர் அச்சடித்துத் தருவார். மகள் முன்னால் உறையையும் சேர்த்து அவரிடம் கொடுத்தேன். பிரதி எடுத்துவைக்க அவளுக்குத் தோன்றவில்லை. அப்பாவிடம்தானே கொடுக்கிறாள். வீட்டுக்கு வந்து அவருக்குத் தொலைபேசி எடுத்து, அந்தப் பக்கத்தில் இன்னொரு வெண்பா போடச் சொன்னேன். அப்போ இந்தப் படங்களை என்ன செய்ய என்று கேட்டார். "அது தேவையில்லை, எறிஞ்சு விடுங்கோ," என்றேன்.

ட்வெய்ட்டாவில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் அந்தியேட்டிச் சாப்பாடு. கல்வெட்டுப் பெட்டியைத் திறந்ததும் மகள் ஒன்றை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை பக்கங்களைத் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள். என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு புத்தகங்களை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையாகப் போய் எல்லோருக்கும் கொடுத்தாள். வெண்பா உருக்கமாக இருக்கிறது என்று பலர் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், காரில், "படங்கள் எங்கை அப்பா?" என்று கேட்டாள்.

"அச்சடிக்கிறவர் துலைச்சுப்போட்டார் பிள்ளை. நானும் கேட்டுப் பார்த்தனான்."

"சரி," என்றாள்.

அதன் பிறகு அவள் எதையும் வரைந்து நான் பார்க்கவில்லை. படிப்புக்கென்று தூரத்துப் பேர்கன் நகரத்துக்குப் போனவள் அங்கேயே வேலை எடுத்துக்கொண்டாள். என் பிறந்த நாளுக்கும் வருடப் பிறப்புக்கும் தொலைபேசி எடுப்பாள். மருந்து போடுறீங்களா, வெளியில் பனியா என்று கேட்பாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

சில வருடங்கள் கழித்து, அப்படி ஒரு பிறந்த நாளில், எனக்குத் தாங்க முடியாமல் போயிற்று. "பிள்ளை, அந்தப் படங்கள் துலையேல்லை. நான்தான் எறியச் சொன்னனான்," என்றேன்.

"தெரியும் அப்பா."

"எப்பிடி?"

"நீங்கள் டெலிபோனிலை சொல்லேக்கை நான் குசினிக்குள்ளை தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிண்டனான். எதை எறியச் சொல்லுறீங்கள் எண்டு அப்ப விளங்கேல்லை. மண்டபத்திலைதான் விளங்கினது."

"அப்ப ஏன் காருக்குள்ளை வைச்சுக் கேட்டனி, எங்கை எண்டு?"

"நீங்கள் சொல்லுவீங்களோ எண்டு பார்த்தனான்."

அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. பின்னால் தெருவின் இரைச்சல் கேட்டது. பஸ் வந்துவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.