சங்கு ஊதாத ஊர்

சோலோதுர்ன் என்ற ஊரை நான் பார்த்ததில்லை. சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. சின்ன ஊர், திருவொற்றியூரின் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடலாம். அந்த ஊரை இரண்டு பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்து வைத்தவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் அது மொத்தமாக இறங்கிவிட்டது.

பிள்ளைகள் என் தங்கையுடையவர்கள். பெரியவள் பெண், பத்து வயது. சின்னவனுக்கு ஆறு. அவர்களுடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், காய்ச்சலில் போய்விட்டார். பிறகு என் தங்கை, சோலோதுர்னில் ஓட்டல் சமையலறையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கே போனாள். நல்ல மனிதர். அவரைப் பிடிக்காமல் இருக்க நானும் எவ்வளவோ முயன்று பார்த்தேன், முடியவில்லை. காகிதங்கள் எல்லாம் சரியாகும்வரை பிள்ளைகள் எண்ணூரில் என்னோடு இருந்தார்கள்.

காகிதம் வந்தது. பெரியவள் போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "அதுக்கு வேணும்னா அது இங்க வரட்டும்" என்றாள். அது என்றால் அவள் அம்மா. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைத்து என்ன பயன்? ஆனால் தங்கை தினமும் போனில் அழுதாள். பிள்ளைகளை அனுப்பியே ஆக வேண்டும் என்றால் அந்த ஊரை அவர்களுக்குப் பிடிக்க வைக்க வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுவது என் வேலை. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் தங்கை அனுப்பும் வீடியோக்களைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து, ஏதோ அங்கேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி எடுத்துவிடுவேன்.

"கடலு எந்தப் பக்கம் கீது?" என்று கேட்டான் சின்னவன். கடலே இல்லை, அந்த நாட்டுக்கே கிடையாது என்றேன். அவனுக்கு அந்த நாட்டின் மேல் பெரிய இரக்கம் வந்துவிட்டது. "அய்ய பாவம். மீனுக்கு இன்னா பண்ணுவாங்க?"

ஆறு இருக்கிறது என்று சமாதானம் சொன்னேன். ஆரே என்று பெயர். ஊருக்கு நடுவே ஓடுகிறது. கோடைக்காலத்தில் ஜனங்கள் அதில் குதித்து, மிதந்துகொண்டே வெகுதூரம் போவார்கள். பெரியவள் அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஆறு எங்கள் முகத்துவாரத்து ஆறு. அனல் மின் நிலையத்துச் சாம்பல் அதன் அடியில் சேறாகக் கிடக்கும். "வெளிய வந்தா ஒடம்பு அரிக்காதா?" என்றாள். அரிக்காது என்றேன். நம்பவில்லை.

பதினொன்று என்ற எண்ணின் மேல் அந்த ஊருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பதினோரு கோபுரம், பதினோரு நீரூற்று, பதினோரு கோயில் என்று பழைய ஊரையே அந்தக் கணக்கில்தான் சொல்லிக்கொள்வார்களாம். பெரிய மாதா கோயில் ஒன்றில் படிகளைக்கூடப் பதினொன்று பதினொன்றாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றோடு எண் முடிந்துவிடும். "பன்னெண்டு மணிக்கு அது இன்னா பண்ணும்?" என்றான் சின்னவன். எனக்கு எப்படித் தெரியும்? "சாப்பிடப் போயிடும்" என்றேன். அந்த ஊரைக் காக்கும் இரண்டு புனிதர்கள் போர்வீரர்கள் என்றும், பாலத்தில் வைத்து அவர்கள் தலையை வெட்டியதும் எழுந்து, வெட்டிய தலையைக் கையில் ஏந்திக்கொண்டே கரையேறினார்கள் என்றும் ஒரு கதை. அதைச் சொன்ன அன்று முழுவதும் சின்னவன் தலையணையைக் கையில் ஏந்தியபடி வீட்டுக்குள் நடந்தான். அவன் தயாராகிவிட்டான் என்று புரிந்தது.

பெரியவள் அப்படி மசியவில்லை. பனியைச் சொன்னேன், மலைக்குக் கம்பியில் தொங்கியபடி போகும் வண்டியைச் சொன்னேன், குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்றேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அங்க கேஸ் வருமா?"

எங்கள் தெருவில் அது சாதாரணக் கேள்வி. பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஒரு தடவை வாயு கசிந்து, கண் எரிந்து, நெஞ்சடைத்து, ஊரே ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருவதற்கு முன்னால் இதைச் சொல்லித் தந்தோம். அபாயச் சங்கு ஊதினாலோ கண் எரிந்தாலோ கையில் கிடைத்த துணியை நனைத்து மூக்கில் வை. எதையும் எடுக்காதே, செருப்பைத் தேடாதே. தம்பி கையை விடாதே. போகிற வழியில் எல்லாக் கதவையும் தட்டிவிட்டுப் போ. கொடியைப் பார், காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே ஓடு. ரோட்டுக்கு வந்ததும் நிற்கிற பஸ் எதுவானாலும் ஏறிவிடு, எங்கே போகிறது என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். படகுக்காரர்கள் காற்றைப் பார்த்து வாழ்கிற இடம் எங்கள் இடம். கொடியைப் பார்த்துத் திசை சொல்ல எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.

"வராது. அங்க சங்கே ஊதாது" என்றேன்.

மனதார நம்பித்தான் சொன்னேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தன் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

அவர்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. பிப்ரவரி மாதம் அந்தப் புதன்கிழமை, நான் நைட் டூட்டிக்கு வந்து உட்கார்ந்த நேரம், கேட்டுக்கு வெளியே எக்ஸ்பிரஸ் சாலை நெடுகிலும் லாரிகள் நின்றன. தங்கை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள்.

"அக்கா, பசங்க வூட்ல இல்ல."

அங்கே புதன்கிழமை அரை நாள் பள்ளி. மத்தியானம் பிள்ளைகள் தாங்களே வந்து, வைத்திருக்கும் சோற்றைப் போட்டுச் சாப்பிடுவார்கள். தங்கை ஓட்டல் துணி துவைக்கும் இடத்தில் வேலை முடித்துக் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள். அன்று வந்தபோது கதவு விரியத் திறந்து கிடந்தது. தட்டில் பாதிச் சோறு.

"வெளையாடப் போயிருக்கும்டி."

"ஜாக்கெட்டு ரெண்டும் மாட்டின எடத்துலயே கீது. ஷூவும் கீது. வெளிய பனி கொட்டிகினு கீதுக்கா."

யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த ஊரை, அதன் மலையை, அதன் பதினொன்றை எல்லாம் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். தங்கையின் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துப் பக்கம் தேடப் போயிருந்தார். போலீசுக்கும் சொல்லியாயிற்று.

"எதிர் வூட்டு அம்மா இன்னாவோ சொல்றாங்க. பெரியவ வந்து கதவை டமடமன்னு தட்னாளாம். இவங்க தெறக்கறதுக்குள்ள ஓடிட்டாளாம்."

"அவங்க கதவை மட்டுமா?"

"இல்ல. மேல, கீழ, எல்லா வூட்டையும்."

"அங்க சங்கு ஊதுச்சாடி?" என்றேன்.

மெதுவாகச் சொன்னாள். "ஆமாக்கா. வருஷத்துக்கு ஒருவாட்டி நாடு பூரா ஊதிப் பாப்பாங்களாம். இன்னிக்குத்தான். போன வருஷம் நான் அண்டர்கிரவுண்டுல மிஷினாண்ட இருந்தேன், காதுலயே வுழல. ஸ்கூல்ல சொல்லியிருப்பாங்க. அதுங்களுக்கு அந்தப் பாஷை இன்னும் சரியா புரியல."

பிள்ளைகளை யாரும் கடத்தவில்லை. நான் சொல்லிக் கொடுத்தபடி ஓடியிருக்கிறார்கள். செருப்பைத் தேடாதே என்று எண்ணூர் வெயிலில் நின்று சொன்னவள் நான். இப்போது அங்கே பனியில் வெறுங்காலோடு என் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஓடுகிறார்கள்.

"அழாத. தெருவுக்கு எறங்கு. கொடி எங்கனா கீதா பாரு" என்றேன்.

"கொடியா?"

"சொல்றத செய்."

அவள் ஓடினாள். மூச்சு இரைப்பதும் பனியில் கால் நொறுங்கும் சத்தமும் கேட்டன. அந்த நேரம் பார்த்து லைன் அறுந்தது. மறுபடி போட்டேன், போகவில்லை. மறுபடி போட்டேன். கண்ணாடிக்கு வெளியே ஒரு டிரைவர் பாஸ் கேட்டுக் கையை ஆட்டினார். "நில்லுய்யா" என்று நான் கத்திய கத்தலில் அவர் ஒரு அடி பின்னால் போய் நின்றார்.

லைன் கிடைத்தது. "பாலத்தாண்ட வந்துட்டேன். இங்க கொடி கட்டியிருக்கு."

"எந்தப் பக்கம் பறக்குது?"

"என் பக்கமா. ஊர்ப் பக்கமா."

"அப்போ காத்து அந்தக் கரையிலேர்ந்து வருது. பாலத்தைத் தாண்டிப் போயிருக்காங்க. அங்க இன்னா கீது?"

"ரயில்வே ஸ்டேஷன். அதாண்ட பஸ்ஸுங்க நிக்கும்."

"நிக்கிற பஸ்ஸு ஒண்ணு விடாம ஏறிப் பாரு. கெளம்பறதுக்குள்ள போ, போடி."

பிறகு வெறும் மூச்சுச் சத்தம்தான். மாதாவை வேண்டிக்கொண்டேனா, தங்கையைத் திட்டினேனா, எனக்கே தெரியாது. பஸ் கிளம்பியிருந்தால் எந்த ஊரில் தேடுவது? மலைக்குப் போகிற பஸ்ஸாக இருந்தால்? அந்தக் குளிரில் நனைந்த துணியோடு எவ்வளவு நேரம் தாங்கும் ஒரு ஆறு வயசுப் பிள்ளை? டிரைவர் என்ன நினைத்தாரோ, லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்து எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பஸ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தங்கை ஏதோ அந்த ஊர்ப் பாஷையில் கேட்டாள். அப்புறம் பெரிதாக ஒரு அழுகை. எனக்கு உயிர் போய்விட்டது.

"கீதுங்கக்கா. ரெண்டும் கீதுங்க."

கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தார்களாம். சமையலறைத் துணியை நனைத்து இருவரும் மூக்கில் அழுத்தியபடி, காலில் வெறும் சாக்ஸோடு. பஸ் ஓட்டுநர் தன் கோட்டைக் கழற்றி இருவர் மேலும் போர்த்திவிட்டு, பஸ்ஸைக் கிளப்பாமல் எதிரே நின்றிருக்கிறார். அவர் எவ்வளவோ பேசிப் பார்த்தும் பெரியவள் தம்பி மூக்கிலிருந்து துணியை எடுக்கவிடவில்லை. துணி விறைத்துப் போயிருந்தது, பையனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது என்று தங்கை பிறகு சொன்னாள்.

வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் கால் வைத்து, காப்பி குடித்து, எல்லாம் அடங்கிய பிறகு மறுபடி கூப்பிட்டார்கள். முதலில் தங்கையின் வீட்டுக்காரர் பேசினார். "ஒண்டும் யோசியாதேங்கோ அக்கா. பிள்ளையள் சுகமா இருக்கினம்." பிறகு பெரியவள் வாங்கினாள். அழுகை இல்லை. கோபமாக இருந்தாள்.

"அங்க சங்கே ஊதாதுன்னு சொன்ன."

"அது சும்மா ஊதிப் பாக்கறது, கண்ணு. நெஜமில்ல."

"அது எனக்கு எப்டித் தெரியும்? எல்லாக் கதவையும் தட்னேன் பெரியம்மா. ஒருத்தரும் வெளிய வரல. தெருல எல்லாம் சும்மா நடந்து போய்கினு இருந்தாங்க. அவங்க எல்லாரும் செத்துப் பூடுவாங்கன்னு நெனச்சேன்."

இனிமேல் அங்கே சங்கு ஊதினால் ஓட வேண்டாம், பக்கத்திலிருக்கும் பெரியவர்களைக் கேள் என்றேன். சரி என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"பெரியம்மா, அங்க நெஜமா ஊதுனா? நீ நைட் டூட்டி பாத்துட்டுப் பகல்ல தூங்குவ. ஒனக்கு யாரு கதவைத் தட்டுவா?"

"பக்கத்து வூட்ல தட்டுவாங்க."

"அவங்கதான் மாதவரம் போய்ட்டாங்கன்னு நீயே சொன்னியே."

லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொன்னேன். அவள் இன்னொரு முறை, நிறுத்தி நிதானமாக, அதையே கேட்டாள்.