தேசம்மாவின் பாடு

செய்தி குரலாக வந்தது. ஏழுமலைக்கு எழுதிப் பழக்கமில்லை. நம் நடைக்குழுவுக்கான சேதியை எப்போதும் என் வாட்ஸாப்பில் பேசித்தான் அனுப்புவார். நீதிமன்ற வராந்தாவில் நின்றபடி கேட்டேன். "சார், எல்லாருக்கும் சொல்லிடுங்க. தேசம்மா பூட்டா. நெஞ்சு வலிக்குதுனு சொன்னா, பொன்னேரிக்கு வண்டில ஏத்திக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிச்சி. அடுத்த ஞாயித்துக்கெழம பதினோரு பேரு வர்றதா சொல்லியிருந்தீங்க. வாங்க. கட்டிலெல்லாம் கீது." மனைவி போன மறுநாள் காலையில் ஒரு மனிதர் நமக்குக் கட்டில் இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சுருக்கெழுத்தர். மற்றவர்கள் சொல்வதை உட்கார்ந்த இடத்தில் எழுதிக்கொள்வதுதான் முப்பது வருடப் பிழைப்பு. அன்று உட்கார முடியவில்லை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாரிமுனையிலிருந்து ராயபுரம் வரை நடந்தேன். திரும்பினேன். மறுபடியும் நடந்தேன். தேசம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். இரண்டு வருடமாக அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிப்போட்டேன். இனி எந்தத் தடவை?

நீங்கள் பெரும்பாலோர் அங்கே தங்கியவர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புக்குளத்தைத் தாண்டி பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பம். அங்கே இறால் பண்ணை வைத்திருந்தவர்கள், தொழில் நொடித்ததும் ஊழியர் குடியிருப்பை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். சிமெண்ட் ஷீட் போட்ட நீளமான ஒரே கூடம், பன்னிரண்டு இரும்புக் கட்டில், பின்னால் சமையலறை. அதைத்தான் தேசம்மா வாடகைக்குப் பிடித்து ‘தேசம்மா விடுதி’ என்று பலகை மாட்டினார். ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் அது இறாலாபீஸ்தான். விடுதி எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். ஒவ்வொரு தை மாதமும் நாம் அங்கே மூன்று நாள் தங்குவோம். காலையில் கட்டுச்சோற்றோடு கிளம்பி, ஆளுக்கொரு திசையில் நடந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவோம்.

முதல் வருடம் கூடத்துக்குள் முதலில் நுழைந்தவன் நான். ஏரியைப் பார்த்த ஜன்னலோரக் கட்டிலில் துண்டைப் போட்டேன். தேசம்மா வந்து அதை எடுத்து என் தோளிலேயே போட்டார்.

"இது இன்னா பஸ்ஸா சார், துண்டு போட்டு எடம் புடிக்கிறதுக்கு?"

ஒரு அலுமினியச் சட்டி வந்தது. அதில் பண்ணைக்காரர்கள் விட்டுப்போன கேரம் காய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில் எண். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தோம். எனக்குச் சமையலறைச் சுவரை ஒட்டிய கட்டில் விழுந்தது. புகை வருமே என்றேன். "இன்னிக்கி அதுதான் சார் உங்க பாடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நாம் பேசுகிற தமிழில் ‘அது உங்கள் பாடு’ என்றால் எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று அர்த்தம். நான் முன்கோபக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் காலையில் ஏழுமலையிடம் போய், உங்கள் வீட்டம்மாவுக்கு விருந்தாளியிடம் பேசத் தெரியவில்லை என்று குறை சொன்னேன். அவர் கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு விளக்கினார். ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் சில உண்டு. அவை யாருக்கும் சொந்தமில்லை. குடும்பங்கள் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்கின்றன. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். இன்றைக்கு யார் பாடோ அவர்தான் அங்கே வலை கட்டலாம், அதுவும் பொழுது சாய்வதற்குள். கட்டாவிட்டால் போனது போனதுதான். மறுநாள் அடுத்த வீட்டுக்காரருடையது. தேசம்மா கட்டிலுக்கும் அதே சட்டத்தை வைத்திருந்தார், தினமும் மாறும். மூன்றாம் நாள் ஜன்னலோரம் எனக்கு வந்தது. ஏரிக்காற்று தாங்காமல் விடிய விடியத் தும்மினேன். "பாடு எப்டி சார்?" என்று கேட்டார் காலையில்.

நம் நடை அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. எங்கேயோ போய்விட்டு, எதையும் வாங்காமல், எதையும் விற்காமல், கால் வீங்கித் திரும்பி வருகிறவர்களை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. "இன்னா சார் தொலச்சீங்க அங்க?" என்பார். ஒருநாள் அவர் பழவேற்காட்டுக்கு மீன் கூடையோடு கிளம்பியபோது, பஸ் நிறுத்தம் வரை நானும் வருகிறேன் என்று கூடவே போனேன். காலில் சக்கரம் கட்டியவன் என்று பெயர் வாங்கியவன் நான். பாதி வழியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. தலையில் சுமையோடு அவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். கொஞ்சம் மெதுவாகப் போகலாமே என்றேன். திரும்பாமலே பதில் வந்தது. "நீங்க நடக்கறது மஜாவுக்கு. நா நடக்கறது மீன் நாறிடுமேனு."

அப்படிப்பட்டவர் நம் நடைக்கு ஒரே ஒரு கட்டளை வைத்திருந்தார். கூடத்துக் கதவின் பின்பக்கம் சாக்கட்டியால் அவரவர் பெயர், போகும் பக்கம், திரும்பும் நேரம் எழுதிவிட்டுப் போக வேண்டும். திரும்பியதும் அவரவரே அழிக்க வேண்டும். ஏரியின் சேறு வெளியே தரை மாதிரி தெரியும், கால் வைத்தால் இடுப்பு வரை போகும். அதனால்தான்.

மூன்று வருடத்துக்கு முன் தை மாதத்தில் நான் ‘வடக்கு, நாலு மணி’ என்று எழுதிவிட்டுப் போனேன். நடைக்குப் போகும்போது போனும் பையும் எதற்கு என்பது அப்போது என் கொள்கை. இரண்டையும் கட்டிலிலேயே வைத்துவிட்டேன். பூநாரைக் கூட்டம் ஒன்று தள்ளித் தள்ளி இறங்கிக்கொண்டே போனது. அதன் பின்னால் நானும் போனேன். நாலு மணி எங்கோ போயிற்று. கரைவழியே திரும்ப அலுப்பாக இருந்ததால் மேற்கே ரோட்டுப் பக்கம் ஏறி, எளாவூரில் டீ குடித்து, பஜ்ஜி தின்று, ஷேர் ஆட்டோ பிடித்து, இருட்டிய பிறகு விசில் அடித்துக்கொண்டு இறாலாபீஸுக்குள் நுழைந்தேன்.

தேசம்மா வாசலில் நின்றார். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. "எங்க சார் பூட்டீங்க?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. நீங்களெல்லாம் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அவமானமாகப் போயிற்று. நான் என்ன குழந்தையா, எப்போது வந்தால் உங்களுக்கு என்ன, என் பாடு என்று சொன்னேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும்.

தேசம்மா புடவை ஈரத்தைப் பிழிந்தார். "உங்க பாடு இல்ல சார். எங்க பாடு" என்றார். உள்ளே போய்ச் சோறு போட்டார். மடவை மீன் குழம்பு. எனக்கும் போட்டார்.

வாயாடி, பதிலுக்குப் பதில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அடுத்த வருடம்தான் குப்பத்து டீக்கடையில் பேச்சுவாக்கில் தெரிந்தது. அன்று சாயங்காலம் ஏழுமலையின் பாடு. அமாவாசையை ஒட்டி இறால் நன்றாக ஓடுகிற நாள். வலை கட்டப் போக வேண்டிய படகில் அவர் என்னைத் தேடி வடக்கே போயிருக்கிறார். பாடு போயிற்று. தேசம்மா சொன்னது எதிர்ப்பேச்சே இல்லை, உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அந்த ஊர் வார்த்தையை ஏழுமலை எனக்கு அவ்வளவு பாடுபட்டு விளக்கியிருந்தும், தேவையான நேரத்தில் அது என் மண்டையில் ஏறவில்லை.

டீக்கடையிலிருந்து நேராகப் போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். போகவில்லை. அவர் மீன் கழுவிக்கொண்டிருக்கிறார், அப்புறம் பார்க்கலாம் என்றேன். சாப்பாட்டு நேரம், நாலு பேர் இருக்கிறார்கள் என்றேன். கிளம்புகிற அவசரம் என்றேன். அதற்கடுத்த வருடமும் இதே கதை. அவர் என்னைக் குறைவாக நடத்தவில்லை. சட்டியை நீட்டினார், கட்டில் கொடுத்தார், கட்டுச்சோறு கட்டினார். கிண்டல் மட்டும் இல்லை. மற்ற எல்லோரையும் வம்புக்கு இழுத்தவர் என்னிடம் "சார், சோறு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அது எனக்கு உறைத்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேரும் போனோம். யாரும் நடக்கக் கிளம்பவில்லை. கூடத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் உட்கார முடியாமல் நான் கரைக்கும் வாசலுக்குமாக அலைந்தேன். கடைசியில் படகருகே நின்ற ஏழுமலையிடம் போனேன். அந்த வருடம் உங்கள் பாடு என்னால் போயிற்று, தேசம்மாவிடம் மன்னிப்புக் கேட்காமலே இருந்துவிட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

"அந்தப் பாடா? அத்த நா அப்பவே மறந்துட்டேன் சார். அடுத்த சுத்துல வந்துச்சி, கட்டனேன்."

"அவங்க?"

அவர் பூசி மெழுகாமல் சொன்னார்: "அவ மறக்கல. கோவந்தான், கடேசி வரைக்கும். தங்க வர்ற எல்லாரையும் சார், சார்னுவா. உங்கள மட்டும் எங்கிட்ட ‘அந்தாளு’ம்பா."

"பாடு போச்சேன்னா?"

"பாடு இன்னா சார் பாடு. நாலு மணிக்கு மேல ஒவ்வொரு வூடா போயி கேட்டுட்டு, தண்ணில போயி நின்னா. சேத்துல மாட்டிக்கினீங்கனே முடிவு பண்ணிட்டா. உங்க பையத் தொறந்து பாத்தா. உள்ள உங்க வூட்டு நம்பரு எழுதி ஒட்டியிருந்துது. போன கையில வச்சிக்கினு நின்னா சார், ரெண்டு மணி நேரம். அடிக்கல. ‘அந்தம்மாவுக்கு இன்னானு சொல்லுவேன், எந்த வார்த்தையில ஆரம்பிப்பேன்’னு நா படகுல தேடிட்டுத் திரும்பனப்போ எங்கிட்ட கேட்டுக் கேட்டு அழுதா. அப்பதான் நீங்க விசிலடிச்சிக்கினு வந்தீங்க."

பிறகு அவர் என் முதுகில் கையை வைத்து, சாப்பிட வாங்க என்றார்.

பையின் உள்பக்கம் அந்த எண்ணை எழுதி ஒட்டியவள் என் மனைவி. நான் எங்கேயாவது விழுந்து கிடந்தால் யாராவது கூப்பிடட்டும் என்று. வீட்டுக்கு வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருடமாகச் சொல்லாததையும் சேர்த்து. அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டாள்.

"அந்தம்மா என்னைப் பார்த்ததே இல்லையே" என்றாள். பிறகு, "அன்னிக்கு சாயங்காலம் நான் டிவி பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன்" என்றாள்.

நண்பர்களே, நீங்கள் தேசம்மாவின் குழம்பையும் கேலியையும் நினைத்துக்கொள்வீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது அவருடைய கோபம். நான் மன்னிப்புக் கேட்டிருந்தால் அவர் ஒரு வார்த்தை சொல்லி அதைத் தீர்த்திருப்பார், அப்படிப்பட்டவர்தான். கேட்காமல் விட்டதால் அது குறையாமல் இருக்கிறது. என் மனைவிக்காக ஒருத்தி தண்ணீரில் நின்று பட்ட கோபம் அது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.